குன்னூரில் 29 டிகிரி

கார்த்திகையில் நீர்பனி விழத் தொடங்கியதும் விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்துத் தெர்மோமீட்டர் 13 டிகிரி காட்டும். அதே கூடத்தில், உள்சுவர் ஓரமாக இருக்கும் நான்கடிக் கண்ணாடித் தொட்டிக்குள் 29 டிகிரி. இந்த 16 டிகிரியை இரவும் பகலும், மழையிலும் கரண்ட் போன நேரத்திலும் விடாமல் காப்பாற்றுவதுதான் மலையில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பு. மீனைப் பற்றிய மற்ற விஷயங்களைக் கோயம்புத்தூரிலோ சென்னைக் கொளத்தூரிலோ இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குளிரையும் உயரத்தையும் பற்றி இங்கே வளர்த்தவர்கள்தான் சொல்ல முடியும். புதிதாகத் தொடங்க நினைக்கும் மலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் டீ பேக்டரியில் வேலை பார்க்கிறேன். கொழுந்தை வாட்டும் அறையில் ஈரம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் மீன் தொட்டிக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போட்டேன். கீழே வரும் எண்களில் பல அந்த நோட்டில் இருப்பவை.

டிஸ்கஸை முதலில் பார்த்தது கோவையில் ஒரு மீன் கடையில். சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக, செங்கல் நிறமும் நீலக் கோடுகளுமாக ஏழு மீன்கள். பக்கவாட்டில் உள்ளங்கையை விடப் பெரிதாகத் தெரிந்த மீன், நேரே திரும்பியபோது இரண்டு விரல் தடிமன்தான் இருந்தது. நான் குனிந்ததும் பக்கத்துத் தொட்டி மீன்கள் எல்லாம் சிதறி ஓடின. இவை மட்டும் கண்ணாடிக்கு அருகே வந்து, சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தன. அந்தப் பார்வையில்தான் நான் விழுந்தேன்.

கடைக்கார அண்ணன் நல்ல மனிதர். ஊர் எது என்று கேட்டுவிட்டு, "உங்க மலைக்கு இது ஆகாதுங்க தம்பி. தங்க மீன் வாங்கிட்டுப் போங்க, அது குளிர் தாங்கும்" என்றார். விற்கிறவர் வேண்டாம் என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம் இரண்டு மாதம் படித்தேன்.

டிஸ்கஸின் ஊர் அமேசான். வியன்னாவில் இருந்த ஹெக்கெல் என்ற மீனியல் அறிஞர் 1840-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அவர் கைக்கு வந்த மீன்கள் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பக்கம் பிடித்தவை. நம் ஏரி குளங்களில் மண்டிக் கிடக்கும் ஜிலேபி மீனும் இதுவும் ஒரே குடும்பம் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. ரியோ நீக்ரோ என்றாலே கறுப்பு ஆறு. காட்டு இலைகள் ஊறி ஊறி நல்ல டிகாக்ஷன் நிறத்தில் ஓடுகிற தண்ணீர். உப்பு ஏறக்குறைய இல்லை, மழைநீருக்குப் பக்கம். அமிலத்தன்மை அதிகம். விழுந்து மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே ஒதுங்கி வாழ்வதால்தான் அந்தத் தட்டை உடம்பு. வெளிச்சம் குறைவு, சத்தம் குறைவு, வருஷம் முழுக்க 27-க்கும் 31-க்கும் இடையே வெதுவெதுப்பு.

நீலகிரிக்கு வெளியூர் மீன் புதிதல்ல. அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார் எச்.சி. வில்சன். டிரவுட்டுக்கு வேண்டியது சில்லென்ற ஓடை, அது இங்கே இருந்தது, மீன் நிலைத்தது. டிஸ்கஸுக்குத் தேவை இதற்கு நேர் எதிர். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைத்தது. சூடு ஒன்றைத் தவிர டிஸ்கஸ் கேட்கிற தண்ணீர் எங்கள் வீட்டுக்கு மேலே பாறை இடுக்கில் வடிந்துகொண்டிருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி ஊற்றுத் தண்ணீரில் வைத்தேன். 38 காட்டியது. கோவையில் என் அக்கா வீட்டு போர்வெல் தண்ணீரில் அதே மீட்டர் 1100-ஐத் தாண்டியது. அந்தத் தண்ணீரை டிஸ்கஸுக்கு ஏற்றதாக்க, கீழே இருப்பவர்கள் ஆர்.ஓ. மெஷின் வைத்து, ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று வாளி வீணாக வெளியே விடுகிறார்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருக்காரர்களுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லை. நமக்கோ பாறை அப்படிப்பட்டது. சுண்ணாம்பு கரைந்து வர வழியில்லாத கெட்டிப் பாறை. ஆக, தண்ணீரை மலை இலவசமாகக் கொடுக்கிறது. சூட்டை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். அப்படித்தான் அப்போது நினைத்தேன். அந்த இலவசத் தண்ணீருக்கு உள்ளேயும் ஒரு சிக்கல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் தொட்டி. நீளம் நான்கடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. கொள்ளளவு 250 லிட்டர். வளர்ந்த டிஸ்கஸ் ஆறிலிருந்து எட்டு அங்குலம் வரும். ஒன்றுக்கு 40 லிட்டர் என்று கணக்கு வைத்தால் ஆறு மீனுக்குச் சரி. ஆறுக்குக் குறைத்து வாங்காதீர்கள். இவை கூட்டமாக வாழ்பவை, கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற சண்டையும் உண்டு. இரண்டே மீன் வாங்கினால் ஒன்று மற்றதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். ஆறு இருந்தால் அடி பரவிப் போகும்.

தண்ணீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் சேர்த்தால் 300 கிலோவுக்கு மேல். பழைய வீடுகளில் மரப்பலகைத் தளம் இருந்தால் அந்த அறையை விட்டுவிடுங்கள். ஜன்னல் ஓரமும் வேண்டாம். இங்கே பனிக்காலத்தில் ஜன்னல் கண்ணாடி ஐஸ் மாதிரி இருக்கும். அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

சூட்டுக்கு இரண்டு 200 வாட் ஹீட்டர்கள். ஒரே 400 வாட் ஹீட்டர் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். ஹீட்டர் கெடுவதற்கு இரண்டு வழி: எரியாமல் போவது, அணையாமல் எரிவது. இரண்டு சின்ன ஹீட்டர் இருந்தால், ஒன்று எரியாமல் போனாலும் இன்னொன்று விடியும்வரை தாங்கும். ஒன்று அணையாமல் எரிந்தாலும் சூடு மெதுவாகத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். கூடவே தனியாக ஒரு தெர்மோமீட்டர் கட்டாயம். ஹீட்டரில் திருகி வைத்த எண்ணை நம்பக் கூடாது. என்னுடைய ஒன்று, 29-ல் வைத்தால் 27-லேயே அணைந்துவிடும்.

முதல் மாதம் ஹீட்டர் மட்டும் ஒரு நாளைக்கு 5 யூனிட்டை ஒட்டி இழுத்தது. இரண்டு மாத பில்லுக்கு 300 யூனிட். இலவச 100 யூனிட்டெல்லாம் எங்கோ கரைந்து போயிற்று. அம்மா பில்லைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுங்களுக்கு வெந்நீரு, நமக்குப் பச்சத்தண்ணியா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அப்புறம் தொட்டியின் பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் ஓரங்குலத் தெர்மோகோல் ஒட்டினேன். மேலே இடைவெளி இல்லாமல் கண்ணாடி மூடி போட்டு, இரவில் அதன்மேலும் தெர்மோகோல். 5 யூனிட் 3 யூனிட்டாக இறங்கியது.

மூடி மின்சாரத்துக்காக மட்டும் இல்லை. குளிர்ந்த வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்து வைத்தால் இரவு முழுக்க ஆவி போகும். தண்ணீரின் சூட்டையும் கொண்டு போகும், வீட்டுச் சுவரையும் கெடுக்கும். முதல் மாதத்தில் எங்கள் கூடத்து மேல்சுவரில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடித்தது. சுண்ணாம்பு அடித்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இனி உயரம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1850 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது ஏற்கெனவே குறைவு. 29 டிகிரித் தண்ணீர் சென்னையில் லிட்டருக்கு 7.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்க முடியும் என்றால், அதே தண்ணீர் குன்னூரில் 6-ஐ ஒட்டித்தான் வைத்திருக்கும். கடையில் காற்றுக் குமிழ் விடும் ஒரே ஒரு ஏர் ஸ்டோனோடு மீன்கள் சுகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே அதையே செய்தால், இரவில் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து மூச்சு வாங்கும். நான் இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தனியே ஒரு ஏர் ஸ்டோனும் வைத்திருக்கிறேன். காற்று பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் எங்கள் வீட்டில் நிற்பதே இல்லை.

மீனைக் கொண்டு வரும்போதும் இந்த உயரம் கணக்கில் வரும். மலையில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய மீன் கவரும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்தில் தளதளவென்று இருக்கும் கவர், பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் பந்து மாதிரி இறுகிவிடும். முடிச்சு தளர்ந்தால் பிரச்சினை. பாதிக் காற்று மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை நான் கவரே வாங்கவில்லை. மூடி போட்ட 20 லிட்டர் வாளி, அதைச் சுற்றிப் பழைய கம்பளி, உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப். மலையடிவாரத்துக் கல்லாறில் கிளம்பும்போது 28 டிகிரி இருந்த தண்ணீர், வீடு வந்தபோது 26. பிளாஸ்டிக் கவரும் மிச்சம்.

மீன் வருவதற்கு முன்னால் தொட்டி ஆறு வாரம் ஓட வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அந்த நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு வகையும் வந்து பெருகுவதற்குத்தான் ஆறு வாரம். கோவை அண்ணன் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோடு கட்டிக் கொடுத்தார், அதனால் எனக்கு நான்கு வாரத்திலேயே டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின. வெந்நீர் போடும் ஹீட்டரை வாங்க மறந்தாலும் மறக்கலாம், டெஸ்ட் கிட் வாங்காமல் தொடங்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மீன் தேர்வு செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு வட்டமாக இருக்க வேண்டும், நீண்டிருக்கக் கூடாது. உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வயதாகியும் வளராமல் போன மீன். கடையில் உங்கள் கண் முன்னால் சாப்பிட வேண்டும். மூலையில் கறுத்துப் போய் நிற்பதும், வெள்ளையாக நூல் மாதிரி கழிவு போடுவதும், ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுவதும் வேண்டவே வேண்டாம். ஓரங்குலக் குஞ்சு மலிவு என்று வாங்காதீர்கள். அதற்கு நாளைக்கு ஐந்து வேளை தீனியும் தினமும் தண்ணீர் மாற்றமும் வேண்டும். மூன்றங்குல மீன் வாங்குங்கள். நான் ஒன்றுக்கு 900 ரூபாய் கொடுத்து ஆறு வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே கடையிலிருந்து, ஒரே நாளில்.

தீனிக்குப் பலரும் மாட்டு இதயத்தை அரைத்துப் போடுகிறார்கள். நான் இறாலை ஓடு நீக்கி, கொஞ்சம் பூண்டு சேர்த்து அரைத்து, மெல்லிய தகடாக ஃப்ரீஸரில் உறைய வைத்து ஒடித்துப் போடுகிறேன். கூடவே நல்ல குருணைத் தீவனம். கால் மணி நேரத்தில் தின்னாமல் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தொட்டியில் மண்ணும் செடியும் முதல் வருஷம் வேண்டாம். வெறும் கண்ணாடித் தரை அழகில்லைதான், ஆனால் என்ன தின்றது, என்ன கழித்தது என்று அதில்தான் தெரியும்.

இப்போது தண்ணீர் மாற்றுவது. மலையில் டிஸ்கஸ் வளர்ப்பில் உழைப்பெல்லாம் இங்கேதான்.

வாரம் இரண்டு தடவை 60 லிட்டர் மாற்றுகிறேன். குழாயில் வரும் தண்ணீர் பனிக்காலத்தில் 12 டிகிரி. அதை 29-க்குக் கொண்டுவர ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் ஆகும். செலவு பெரிதில்லை. ஆனால் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீரில் விளாவி, சூடு சரியாகிவிட்டது என்று உடனே ஊற்றிவிட முடியாது. குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். சட்டென்று சூடாக்கினால் அந்தக் காற்று வெளியேற வழி தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே தவிக்கும். தொட்டியில் ஊற்றியதும் கண்ணாடியிலும் மீன் உடம்பிலும் துடுப்பிலும் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டிக்கொள்ளும். அளவு மீறினால் செவுளுக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் அதே குமிழ்கள் வந்து மீனைக் கொல்லும். இதை முதல் தடவை பார்த்தபோது மீனுக்கு ஏதோ வெள்ளைப் புள்ளி நோய் என்று பயந்துவிட்டேன்.

அதனால் அடுப்படி மூலையில் 100 லிட்டர் நீல டிரம் ஒன்று நிற்கிறது. அதற்கும் ஒரு ஹீட்டர், ஒரு ஏர் ஸ்டோன். தண்ணீர் மாற்றுவதற்கு முந்தின நாளே நிரப்பி, 24 மணி நேரம் காற்றோட்டத்தோடு 29-ல் வைத்துவிடுவேன். அதிகப்படியான காற்றும், குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினும் போய்விடும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) நிலைக்கு வந்துவிடும். மாற்றும் நேரத்தில் முதலில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் இறங்கி, எரிகிற ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். கையை உள்ளே விடுவதற்கும் அதுதான் பாதுகாப்பு.

முன்பு சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். மூன்றாவது மாதம், ஐப்பசி மழை. டிரம் ஹீட்டர் கெட்டுப் போயிருந்தது, புதிது வாங்கக் கீழே இறங்க முடியவில்லை. பத்து நாள் தண்ணீர் மாற்றவில்லை. மீன்கள் நன்றாகத்தான் இருந்தன, தீனி மட்டும் கொஞ்சம் குறைத்தன. பதினோராம் நாள் சோதித்துப் பார்த்தால் பிஎச் 6.4-லிருந்து 5.2-க்கு இறங்கியிருந்தது. டெஸ்ட் கிட்டின் அம்மோனியாக் குழாய் கரும்பச்சை, அதாவது அம்மோனியா ஏகத்துக்கு ஏறியிருந்தது.

பயந்து போனேன். டிரம்மில் அடுப்பில் சுட வைத்த தண்ணீரை நிரப்பி, பிஎச் ஏறட்டும் என்று சோடா உப்பைக் கரைத்து, பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் பிஎச் 7.5. சாயங்காலம் இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் விரியத் துடித்து, என் கை மேலேயே செத்தன.

என்ன நடந்தது என்பது பின்னால் புரிந்தது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கார்பனேட் இருந்தால் அது அமிலத்தை வாங்கிக்கொள்ளும். கீழே போர்வெல் தண்ணீரில் அது தாராளமாக உண்டு. நம் ஊற்றுத் தண்ணீரில் ஏறக்குறைய இல்லை. பத்து நாளில் இருந்த கொஞ்சமும் தீர்ந்து பிஎச் சரிந்தது. அவ்வளவு அமிலத்தில் பாக்டீரியா வேலை செய்வது படுத்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அது மீனை அவ்வளவு பாதிக்காது. அதனால்தான் மீன்கள் அதுவரை நன்றாக இருந்தன. பிஎச் ஒரு எண் ஏறினால் விஷமான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும். 5.2-ஐ 7.5 ஆக்கினால் இருநூறு மடங்கு. பாதித் தண்ணீர் மாற்றியதைக் கழித்தாலும் நூறு மடங்கு விஷத்தை ஒரே மணி நேரத்தில் அவற்றின் மேல் ஊற்றியிருக்கிறேன்.

செய்திருக்க வேண்டியது: தீனியை நிறுத்தி, சோடா உப்பைத் தொடாமல், அதே ஊற்றுத் தண்ணீரில் தினமும் பத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் மாற்றி, நான்கைந்து நாளில் மெதுவாக மேலே கொண்டு வருவது. பொறுமையாக இருந்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும். இன்றைக்கும் அந்த நோட்டின் அந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வருவதில்லை.

அதற்கப்புறம் ராமேஸ்வரம் போன பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக் கடற்கரைக் கிளிஞ்சல் ஒரு பை வாங்கிவரச் சொன்னேன். நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, ஒரு கைப்பிடி மட்டும் வலைத்துணியில் கட்டித் தொட்டிக்குள், ஏர் ஸ்டோன் குமிழ் படும் இடத்தில் தொங்க விட்டிருக்கிறேன். தண்ணீர் அமிலமாக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடு கொடுக்கும். பிஎச் இப்போது 6.5-ஐச் சுற்றியே நிற்கிறது. மெதுமையான, அதாவது உப்பும் சுண்ணாம்பும் குறைந்த தண்ணீர் டிஸ்கஸுக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அளவு மீறி மெதுமையான நம் மலைத் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சல் வேண்டும் என்று எங்கேயும் நான் பார்க்கவில்லை. புதியவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

கரண்ட். ஐப்பசி, கார்த்திகையில் எங்கேயாவது மரம் விழும், மண் சரியும், கம்பி அறும். இங்கே அது வருஷா வருஷம் நடப்பது. கரண்ட் போனதும் எல்லாருக்கும் முதலில் வரும் கவலை சூடு. அது தவறு, முதலில் காற்று. என் தொட்டி, தெர்மோகோல் இருப்பதால், மணிக்கு அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் ஆறுகிறது. ஒரு ராத்திரி 25 டிகிரி வரை இறங்கினாலும் நல்ல ஆரோக்கியமான டிஸ்கஸ் தாங்கும், தீனி மட்டும் எடுக்காது. காற்று நின்றால் இந்த உயரத்தில் சில மணி நேரத்திலேயே மீன்கள் தத்தளிக்கும், ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் சாகத் தொடங்கும். அதனால் பேட்டரி ஏர் பம்ப் எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அதில் இணையுங்கள். ஹீட்டரை இணைத்தால் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் காலியாகும், கடைசியில் இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள்.

சூட்டுக்கு எங்கள் வீட்டு வழி தூக்குப்போசி. இறுக்கமான மூடி போட்ட இரண்டு லிட்டர் எவர்சில்வர் போசியில் கொதித்த தண்ணீரை முக்கால்வாசி நிரப்பி, தொட்டியில் மிதக்க விடுவோம். முழுதாக ஆறும்போது ஒரு போசி 250 லிட்டரை அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றும். இரண்டு போசி போட்டால் ஏறக்குறைய ஒரு டிகிரி. போன வருஷம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன கரண்ட் மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் வந்தது. தொட்டியைச் சுற்றி இரண்டு கம்பளி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு போசி. பன்னிரண்டு மணிப் போசியை நான் மாற்றினேன். நான்கு மணிக்கு எழுந்தபோது அம்மா ஏற்கெனவே மாற்றியிருந்தார். காலையில் 26.4 டிகிரி.

அம்மா மாறியதற்குக் காரணம் இட்லி மாவு. குன்னூர்க் குளிரில் மாவு புளிப்பது பெரும்பாடு. கம்பளியால் சுற்றுவார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அப்படியும் மார்கழியில் இட்லி கல்லாகத்தான் வரும். ஒருநாள் தொட்டி மூடிமேல் இருந்த பலகையில் அம்மா மாவுப் பாத்திரத்தை வைத்துவிட்டார். காலையில் மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. அன்றிலிருந்து ராத்திரி அந்தப் பலகை அவருடையது. மின்சார பில்லைப் பற்றி அதற்கப்புறம் பேச்சில்லை.

மிஞ்சிய நான்கு மீன்களும், பிறகு அதே கடையில் வாங்கி ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துச் சேர்த்த இரண்டும், மூன்றாம் வருஷம் ஆளாயின. அதில் ஒரு ஜோடி ஒதுங்கி, நான் கவிழ்த்து வைத்திருந்த சின்ன மண் பூந்தொட்டியை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்தது. கீழே தண்ணீர் கடினமாக இருந்தால் முட்டை கருக்கொள்ளாது என்பார்கள். இங்கே முதல் தடவையே கருக்கொண்டது, ஆனால் மறுநாள் அவையே தின்றுவிட்டன. இளம் ஜோடிகள் அப்படிச் செய்யும், விட்டுவிட வேண்டும். இரண்டாம் தடவையும் தின்றன.

மூன்றாவது தடவை தை மாதம். முட்டை பொரிந்து, குஞ்சுகள் வாலாட்டிக்கொண்டு பூந்தொட்டியிலேயே ஒட்டியிருந்ததை ராத்திரி பார்த்துவிட்டுப் படுத்தேன். டிஸ்கஸ் தன் குஞ்சுகளுக்குத் தோலில் சுரக்கும் வழவழப்பையே முதல் உணவாகக் கொடுக்கும். தாய் மட்டுமல்ல, தகப்பனும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றவர்களின் உடம்பைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்டுபிடிக்காத குஞ்சு பிழைக்காது. படித்துத் தெரியும், பார்த்ததில்லை.

விடியும் முன்னால் மாவுப் பாத்திரத்தை எடுக்க வந்த அம்மாதான் என்னை எழுப்பினார். "கண்ணு, வந்து பாரு, மீன் மேலயெல்லாம் ஏதோ மொச்சு மொச்சுனு இருக்குது." டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, மங்கலில் பார்த்தோம். தகப்பன் மீனின் இரண்டு பக்கமும் நூறுக்கு மேல் பொடிக் குஞ்சுகள் தொற்றிக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் தாய் காத்திருந்தது. சற்று நேரத்தில் தகப்பன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி விலகியது, குஞ்சுகள் அத்தனையும் ஒரு கணம் தண்ணீரில் சிதறி நின்று, அப்புறம் மொத்தமாகத் தாயின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. அம்மா மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றார். கூடத்துத் தெர்மோமீட்டரில் 11 டிகிரி.